டை அடிப்பதை நிறுத்திவிட்டு, நரைத்த தலையோடு தைரியமாக வெளியே போவது எப்படி?

முதலில் ஒரு கணக்கு. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும், கொஞ்சம் வேகமாக வளர்கிறவர்களுக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர். இந்தத் தீபாவளியோடு டை அடிப்பதை நிறுத்தினால் அடுத்த தீபாவளிக்கு அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேலே வெள்ளை வந்திருக்கும், அதற்குக் கீழே பழைய கறுப்பு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். தோள் வரை முடி வைத்திருப்பவருக்கு முழுசாக மாற இரண்டு வருஷம் ஆகும், இடுப்பு வரை பின்னல் போடுகிறவருக்கு நாலைந்து வருஷம்கூட ஆகலாம். இந்தக் கணக்கு தெரியாமல் ஆரம்பித்தால் நாலாவது மாதத்தில் மனசு உடைந்துபோய் மறுபடி டை பாக்கெட் வாங்கத்தான் தோன்றும். நான் இரண்டு முறை அப்படி வாங்கியிருக்கிறேன். மூன்றாவது முறைதான் நிலைத்தது.

எனக்கு இப்போது 56 வயது, ஊர் திருச்சி. 33 வயதில் வகிட்டுப் பக்கம் நரை தெரிய ஆரம்பித்தபோது டை அடிக்க ஆரம்பித்தவள், நடுவில் இரண்டு முறை நிறுத்திப் பார்த்துத் தோற்றதைத் தவிர, 52 வயது வரை மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு என்று அடித்தேன். பழைய நைட்டி, தரையில் விரித்த செய்தித்தாள், தேய்ந்துபோன பல்துலக்கும் பிரஷ், நெற்றியிலும் காது மடலிலும் வாசலின், டை கலக்குவதற்கென்றே ஒதுக்கிவைத்த பிளாஸ்டிக் கிண்ணம். முக்கால் மணி நேரம் தலையில் ஊறும்போது காலிங்பெல் அடித்தால் கதவைத் திறக்க முடியாது. பாத்ரூம் சுவரில் ஒரு டைல்ஸின் ஓரத்தில் விழுந்த கறுப்புத் துளி எத்தனை ஆசிட் ஊற்றியும் இன்று வரை போகவில்லை. இதைப் படிக்கிற பாதிப் பேர் வீட்டிலும் அப்படி ஒரு துளி இருக்கும் என்று நினைக்கிறேன்.

2021 ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடைசியாக அடித்தேன். மறுநாள் காலையில் காதுக்குப் பின்னால் ஒரே அரிப்பு, சாயங்காலத்துக்குள் கண் இமை இரண்டும் வீங்கிவிட்டன. தோல் மருத்துவரிடம் போனபோதுதான் விஷயம் புரிந்தது. கறுப்பு டைகளில் பெரும்பாலும் பாரா-பினைலீன்டையமின் என்ற வேதிப்பொருள் இருக்கும், சுருக்கமாகப் பிபிடி என்பார்கள். மருதாணி என்று பேர் போட்டு விற்கிற கறுப்புப் பொடிகள் பலவற்றிலும் அதுதான் கறுப்பைக் கொடுக்கிறது. வருஷக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று உடம்பு அதை ஏற்க மறுக்கும், ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் அந்த ஒவ்வாமை பொதுவாக ஆயுளுக்கும் போகாது. "பத்து வருஷமா இதேதான் போடுறேன், ஒண்ணும் ஆனதில்லை" என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் கிடையாது. உங்களுக்கும் அரிப்போ வீக்கமோ வந்திருந்தால் வேறு பிராண்டுக்கு மாறிப் பார்க்காமல் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள், பேட்ச் டெஸ்ட் எடுத்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துவிடும்.

என்னை நிறுத்த வைத்தது உடம்பு. உங்களுக்குச் செலவாக இருக்கலாம், சலிப்பாக இருக்கலாம், வெறும் ஆசையாகவும் இருக்கலாம். காரணம் எதுவானாலும் வழி ஒன்றுதான், அந்த வழியில் சிரமப்படுகிற இடமும் ஒன்றுதான்: மூன்றாவது மாதத்திலிருந்து பத்தாவது மாதம் வரை. முழுக்க வெள்ளைத் தலை யாரையும் அசிங்கமாகக் காட்டுவதில்லை. பாதி வெள்ளை பாதி கறுப்பாக, நடுவில் கோடு கிழித்த மாதிரி இருக்கிற அந்தச் சில மாதங்களில்தான் பார்க்கிறவர்களுக்கு "இவங்க கவனிச்சுக்கறதில்லை போல" என்று தோன்றுகிறது, நமக்கும் கண்ணாடியைப் பார்க்கப் பிடிப்பதில்லை. ஆகவே தைரியத்தைத் தேடி எங்கும் போகவேண்டாம், இந்த ஏழெட்டு மாதத்துக்கு மட்டும் ஒழுங்காக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எந்த வழியில் மாறுவது

ஒரே நாளில் நரையை வரவழைக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடி வெளியே வந்தபிறகு அதற்கு உயிர் கிடையாது. வேர்ப்பையில் இருக்கிற நிறமி அணுக்கள் மெலனின் கொடுத்தால் கறுப்பாக வரும், கொடுக்காவிட்டால் வெள்ளையாக வரும். சாம்பல் நிறம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும் கலந்து தெரிவதுதான். நிரந்தர டை முடியின் மேல்தோலைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்வதால் எந்த ஷாம்பூவும் அதை முழுசாகக் கழுவி எடுக்காது. பார்லரில் பிளீச் போட்டு எடுக்கலாம் என்பார்கள். வருஷக்கணக்கில் கறுப்பு ஏறிய முடி பிளீச் பட்டதும் முதலில் செங்கல் நிறத்துக்கும் அப்புறம் ஆரஞ்சு நிறத்துக்கும்தான் போகும், வெள்ளி நிறத்துக்குக் கொண்டுவருவதற்குள் முடி வைக்கோல் மாதிரி ஆகிவிடும். அப்படிச் செய்வதானால் பிடரிக்குக் கீழே, வெளியே தெரியாத ஒரு சின்னக் கற்றையில் முதலில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

எளிதான வழி, முடியைக் குறைத்துக்கொள்வது. எனக்கு முதுகில் பாதி வரை முடி இருந்தது. ஆறாவது மாதம் தோள் வரை வெட்டிக்கொண்டேன், அந்த ஒரு வெட்டிலேயே என் காத்திருப்பு ஒன்றரை வருஷத்துக்கு மேல் குறைந்தது. கழுத்து வரை வெட்டிக்கொள்கிற துணிச்சல் இருந்தால் ஒரு வருஷத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் முதல் மாதமே போய் வெட்டிக்கொள்ளாதீர்கள். நீளமும் போய், நிறமும் போய், இரண்டையும் ஒரே நேரத்தில் பழகுவது கஷ்டம். நாலைந்து சென்டிமீட்டர் வெள்ளை வந்து, அது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரிந்தபிறகு வெட்டினால் ஆசையாக வெட்டிக்கொள்வீர்கள்.

நம் ஊரில் இன்னொரு வழி உண்டு, வேறு தேசத்துப் பெண்கள் பலர் இதை யோசிக்கக்கூட மாட்டார்கள்: மொட்டை. என் நாத்தனார் சமயபுரத்தில் நேர்த்திக்கடனுக்கு முடி கொடுத்துவிட்டு வந்தவர், இனிமேல் டை தொடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தார். சந்தனம் பூசிய தலையோடு வந்தவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, அம்மனுக்குக் கொடுத்தது என்றால் எங்கள் பக்கம் மேற்கொண்டு பேசமாட்டார்கள். மூன்று மாதத்தில் கிராப் வெட்டின மாதிரி மூன்று நாலு சென்டிமீட்டர் வந்தது, அதில் கோடும் இல்லை, இரண்டு நிறமும் இல்லை. பழனிக்கோ திருப்பதிக்கோ ஏற்கனவே வேண்டுதல் பாக்கி இருந்தால் அதையே ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம்.

முடியின் நீளத்தை விட மனசில்லாதவர்களுக்கு ஸ்ட்ரீக்ஸ் இருக்கிறது. கறுப்புப் பகுதியில் அங்கங்கே மெல்லிய கற்றைகளை மட்டும் வெளுப்பாக்கி, வேரில் வருகிற வெள்ளையோடு கலக்க வைப்பார்கள். கோடு மங்கிவிடும். செலவு ஆகும், இரண்டு மூன்று தடவை போகவேண்டியிருக்கும், ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

மருதாணிக்கு மாறுவது பற்றி ஒரு வார்த்தை. அரைத்த மருதாணி நல்ல பொருள்தான், ஆனால் வெள்ளை முடியில் அது ஆரஞ்சாகப் பிடிக்கும், பிடித்தது கழுவினால் போகாது. டையை விட்டு மருதாணிக்குப் போய் அதையும் விட்டால் தலையில் கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை என்று மூன்று நிறம் நிற்கும். செம்பட்டை பிடித்திருந்தால் மருதாணியோடேயே இருங்கள், வெள்ளைதான் வேண்டுமென்றால் நடுவில் இதைச் சேர்க்கவேண்டாம். கரிசலாங்கண்ணித் தைலம் தேய்த்தால் நரை மறுபடி கறுப்பாகும் என்று யாராவது பாட்டில் கொண்டுவருவார்கள். தலைக்குக் குளிர்ச்சிதான், தேய்த்துக்கொள்ளுங்கள், வேரில் நின்றுபோன நிறம் அதனால் திரும்பி வராது. 25 வயதுக்கு முன்னாலேயே நரைத்தவர்கள் மட்டும் ஒருமுறை பி12, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது, சிலருக்குக் குறை அங்கே இருக்கும்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். நடுவில் ஒரு முக்கியமான நாளுக்கு மறைத்தே ஆகவேண்டும் என்றால், தலைக்குக் குளித்தால் போய்விடுகிற ஸ்டிக்கோ பவுடரோ பயன்படுத்துங்கள். அதனால் உங்கள் கணக்கு கெடாது. நிரந்தர டையை ஒரே ஒரு தடவை வேரில் பூசினால்கூட அதுவரை வளர்ந்த மாதங்கள் அத்தனையும் போய்விடும். நான் முதல் இரண்டு முறை தோற்றதும் அப்படித்தான், "இந்த ஒரு விசேஷத்துக்கு மட்டும்" என்று.

கோடு தெரியும் மாதங்களில்

நேர் வகிடு எடுத்தால் கோடு பளிச்சென்று தெரியும். வகிட்டை ஒரு பக்கமாக மாற்றுங்கள், அல்லது சீப்பின் நுனியால் வளைத்து வளைத்து எடுங்கள். வகிடே இல்லாமல் பின்னால் வாரிக் கொண்டை போட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் முன்பக்கம் வெள்ளை ஒரே சீராகத் தெரியும், கறுப்பு முழுவதும் கொண்டைக்குள் சுருண்டு போய்விடும், பார்க்கிறவர்கள் கண்ணுக்கு இது ஏதோ திட்டமிட்ட அலங்காரம் போலவே இருக்கும். கொண்டையைச் சுற்றிப் பூ வைத்தால் மாறுகிற இடமும் மறைந்துவிடும்.

பூ விஷயத்தில் நான் கண்டுபிடித்த ஒன்று உண்டு. கறுப்பு முடிக்கு மல்லிகை எடுப்பு. வெள்ளை முடியில் மல்லிகை வாசனை மட்டும்தான் தரும், நிறம் கரைந்துபோகும். கனகாம்பரம் வைத்துப் பாருங்கள். வெள்ளி மாதிரி முடியின் மேல் அந்த ஆரஞ்சு நிறம் தீபம் ஏற்றி வைத்த மாதிரி நிற்கும். மார்கழியில் டிசம்பர் பூ கிடைத்தால் அதன் ஊதா நிறம் அதைவிட அழகு.

பூ, பொட்டு இரண்டையும் விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் வெள்ளை முடியோடு வெறும் நெற்றி, மங்கலான புடவை சேர்ந்துவிட்டால் பார்க்கிறவர்கள் மனசு நேராகத் துக்கத்துக்குப் போகிறது. முடி மட்டும் வெள்ளையாகி மற்றதெல்லாம் நிறைவாக இருந்தால் அதே கண் வேறு மாதிரி பார்க்கிறது. கணவரை இழந்தவர்களும் விருப்பம் இருந்தால் வைத்துக்கொள்ளட்டும், பூவுக்கும் பொட்டுக்கும் யாரும் அனுமதிச் சீட்டு கொடுக்க வேண்டியதில்லை.

புடவை நிறத்தையும் மாற்றவேண்டியிருக்கும். இத்தனை நாள் முகத்துக்குக் கறுப்பு முடி படத்துக்குப் போடுகிற சட்டம் மாதிரி இருந்தது, அது போனதும் சந்தன நிறம், இளமஞ்சள், வெளிர் சாம்பல் எல்லாம் முகத்தை வெளிறிப்போகச் செய்கின்றன. அரக்கு, மயில் கழுத்து நீலம், ராமர் பச்சை, கத்திரிப்பூ, மாம்பழ மஞ்சள் என்று அழுத்தமான நிறங்களாகப் பாருங்கள். புதிதாக வாங்கவேண்டாம், பீரோவில் மடித்து வைத்திருப்பதை எடுத்து ஒவ்வொன்றாகத் தோளில் போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் போதும். பாத்ரூம் டியூப்லைட்டில் மட்டும் முடிவெடுக்காதீர்கள், அந்த வெளிச்சத்தில் எந்த நரையும் நோய் வந்த மாதிரி தெரியும். பொட்டை ஒரு சுற்றுப் பெரிதாக்குங்கள். புருவம் வெளுத்திருந்தால் பென்சிலால் லேசாகத் தீட்டுங்கள், முகத்துக்கு உயிர் வந்துவிடும்.

ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில், ஒரே ஜன்னல் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்க்கிறவருக்கு மாற்றமே தெரியாது. ஐந்தாம் மாதம் மனசு சோர்ந்தபோது முதல் மாதப் போட்டோவோடு வைத்துப் பார்த்தேன், நெற்றி ஓரத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை ஒரே அளவில், மாவால் வரைந்த மாதிரி வளைந்து வந்திருந்தது. அதுவரை அதை நான் கவனிக்கவே இல்லை.

வெளியே போவது

முதல் தடவை நேராகக் கல்யாணத்துக்குப் போய் நிற்காதீர்கள். பால் வாங்க, அப்புறம் காய்கறிக்கு, அப்புறம் கோயிலுக்கு, அப்புறம் வேலை செய்யும் இடத்துக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள். காந்தி மார்க்கெட்டில் எனக்கு வெண்டைக்காய் நிறுத்துக் கொடுக்கிற அம்மா என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முத்தல் வேணாம்னா நீயே பொறுக்கிக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார். முதல் நாள் அவ்வளவுதான் நடந்தது. நான்தான் வீட்டிலிருந்து கிளம்பும்போதே நெஞ்சு படபடக்கப் போயிருந்தேன்.

முகத்துக்கு நேரே கேட்கிறவர்களும் உண்டு, அதற்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "என்னாச்சு, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றால் "நல்லாத்தான் இருக்கேன், டை அடிக்கிறதை விட்டுட்டேன்" என்று சொல்லி அத்தோடு நிறுத்துங்கள். உடனே "உங்க பையன் இப்போ பெங்களூர்லதானே?" என்று அவர்கள் பக்கம் பேச்சைத் திருப்புங்கள். "பத்து வயசு கூட்டிக் காட்டுதே" என்றால் "என் வயசு என்னவோ அதைத்தானே காட்டுது" என்று சிரித்த முகமாகச் சொல்லுங்கள். "வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டால், "அவர் தலையும் வெள்ளைதானே அக்கா" என்பேன், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒவ்வாமைக் கதையை மட்டும் நெருங்கியவர்களைத் தவிர யாரிடமும் விரிக்காதீர்கள். அதைச் சொன்ன அடுத்த நிமிஷம் ஒரு மூலிகை டையின் பேரும் அது கிடைக்கிற கடையும் வந்துவிழும், நீங்கள் மறுத்துக்கொண்டே நிற்கவேண்டும். காரணம் சொல்லச் சொல்ல, அது விவாதத்துக்கு வந்த விஷயம் ஆகிவிடுகிறது. முடிவு செய்தாகிவிட்ட ஒன்றைச் சொல்கிற குரலில் சொன்னால் ஜனங்கள் விட்டுவிடுகிறார்கள்.

வலிக்கிற நாள் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகிற 1ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன், ஒரு கல்லூரிப் பெண் எழுந்து "உட்காருங்க பாட்டி" என்றாள். அன்று வரை நான் அக்கா, ஆன்ட்டி, அதிகம் போனால் அம்மா. உட்கார்ந்தேன், கையில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டும் வரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது அந்தப் பெண் என் பையை வாங்கி இறக்கிக் கொடுத்தாள். அவள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள், எனக்கு அந்தச் சொல் அன்று தாங்கவில்லை, இரண்டும் உண்மைதான். உங்களுக்கும் அது நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அன்றைக்கு மருந்துக்கடையில் டை பாக்கெட்டைத் தேடி நிற்கமாட்டீர்கள். எனக்கு அன்று கால் அந்தப் பக்கம்தான் போனது. என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்படி ஒரு ஆளை முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், யோசனை சொல்லாமல் கேட்டுக்கொள்கிற ஆளாக இருந்தால் போதும்.

பெரிய பரீட்சை ஐந்தாம் மாதம் வந்தது, என் அண்ணன் மகள் கல்யாணம். முந்தின நாள் ராத்திரி மண்டபத்தில் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, அத்தைக்காரி நீ, மேடையில நிக்கணும், போட்டோ காலத்துக்கும் இருக்கும், இப்படியா வருவ?" என்றார். கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போட வந்த பெண் கையில் ஸ்ப்ரே வைத்துக்கொண்டு, அரை நிமிஷத்தில் மறைத்துவிடுகிறேன் என்றாள். மறைத்திருந்தாலும் தப்பில்லை. ஆனால் எனக்கு அந்த நேரம் மாத்திரம் பிடிவாதம் வந்தது. விடிகாலையில் முடியை முழுக்கப் பின்னால் வாரி, இறுக்கமாக இல்லாமல் கொஞ்சம் தளரக் கொண்டை போட்டு, கனகாம்பரத்தை இரண்டு சுற்று சுற்றி, அரக்குப் பட்டு, பெரிய பொட்டு, அம்மாவின் கல் தோடு. மேடையில் ஏறினதும் கூனிக் குறுகி ஓரமாக நிற்காமல் அண்ணிக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றேன். முதுகு நிமிர்ந்தால் பாதி வேலை ஆகிவிடுகிறது, இதைக் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆல்பம் வந்தபோது சித்திதான் அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்து, "இது நல்லா வந்திருக்கு, பிரேம் போடு" என்றார்.

ஆண்களுக்கு இந்த வழி ரொம்ப நாளாகத் திறந்தே இருக்கிறது. அஜித் நரைத்த தலையோடு திரையில் வந்தபிறகு சால்ட் அண்ட் பெப்பர் என்பது நம் ஊர்ப் பையன்களுக்கே பழக்கமான வார்த்தையாகிவிட்டது. அதே தலை பெண்ணுக்கு இருந்தால் இன்னும் சோம்பேறித்தனம் என்று பேர். இது எனக்குக் கோபம் வருகிற விஷயம். இந்திரா காந்தியின் முன்முடியில் இருந்த அந்த வெள்ளைக் கற்றையை நாடே அவருடைய அடையாளமாகப் பார்த்தது, ஆகவே பெண்ணின் நரையைப் பார்க்க நமக்குத் தெரியாமல் இல்லை, பழக்கம்தான் போதவில்லை. வேலை தேடிக்கொண்டிருக்கிறவர்கள், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இதை இப்போதே செய்துதான் ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சில இடங்களில் வயதைப் பார்க்கத்தான் பார்க்கிறார்கள். வேலை நிலைத்தபிறகு ஆரம்பித்தாலும் அதே இரண்டு வருஷம்தான்.

வெள்ளை முடியைப் பராமரிப்பது

வெள்ளை முடிக்குப் பெரிய எதிரி மஞ்சள் பூப்பது. எனக்கு ஏழாம் மாதம் முன்பக்க வெள்ளை முழுவதும் பழுப்பேறிப்போனது, காரணம் தெரியாமல் ஷாம்பூவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் முகத்துக்கு மஞ்சள் பூசிக் குளிக்கிற பழக்கம்! நெற்றி ஓரத்து முடியெல்லாம் மஞ்சளைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மஞ்சள் பூசுகிறவர்கள் முன்முடியை ஒரு துணியால் கட்டிக்கொண்டு பூசுங்கள், ஏறிவிட்டால் இளவெயிலில் கொஞ்ச நாளில் தானாகவே மங்கிவிடும். பச்சை நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் வருகிற மூலிகை எண்ணெய்களை விட்டுவிட்டுத் தெளிவான தேங்காய் எண்ணெய்க்கு மாறினேன், அதற்கப்புறம் நல்ல வித்தியாசம். போர் தண்ணீரில் குளிக்கிறவர்கள் கடைசி இரண்டு சொம்பு மட்டும் குடிநீரை ஊற்றிக்கொண்டால் உப்பு படிவது குறையும். முடியை நேராக்கும் மெஷினின் சூடும் கடும் வெயிலும்கூட வெள்ளையைப் பழுப்பாக்கும், ஆகவே குடை.

ஊதா நிற ஷாம்பூ என்று ஒன்று கடைகளில் கிடைக்கிறது. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிறோமே, அதே தத்துவம்தான், மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா, இரண்டும் சேர்ந்தால் மஞ்சள் அடங்கிவிடும். வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நிமிஷம் போதும். அதிக நேரம் வைத்தால் முடியில் லேசாக ஊதா ஏறிவிடும். துணிக்குப் போடுகிற நீலத்தைத் தலையில் ஊற்றிக்கொள்ளாதீர்கள், கேட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

வெள்ளை முடி பலருக்குக் கொஞ்சம் முரடாக, வறண்டு, சிலும்பி நிற்கும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டிருந்தால் மறுபடி ஆரம்பியுங்கள், குளித்து வந்து ஈரம் இருக்கும்போதே இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் தடவினால் படிந்து நிற்கும். வகிட்டில் வைக்கிற குங்குமம் வியர்வையில் இறங்கி வெள்ளை முடியைச் சிவப்பாக்கும், முன்பு கறுப்பில் இது தெரிந்ததே இல்லை. ஒரு சின்னக் குச்சியால் தொட்டு, தோலில் மட்டும் வைத்துப் பழகுங்கள்.

வீட்டில் இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். என் விஷயத்தில் எல்லோரையும்விட அதிகமாக எதிர்த்தது என் அம்மா. அவருக்கு அப்போது 76 வயது. ஊர் வாய்க்குப் பயந்துதான் சொல்கிறார் என்று நினைத்து நான் பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து என் தலையைக் கோதிக்கொண்டே, "நீ நரைச்சுட்டா அப்புறம் நான் யாருடி?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் நரையைப் பார்க்கும்போது நம்மைப் பெற்றவர்கள் வேறு ஒரு கணக்குப் போடுகிறார்கள், அதற்கு நேரம் கொடுக்கத்தான் வேண்டும். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும் வேலையை அவரிடமே விட்டேன். விரலால் தடவித் தடவி, "இந்த வாரம் இம்புட்டு இறங்கியிருக்கு" என்று கோட்டை அளந்து சொல்கிற அளவுக்கு அவருக்கும் பழகிப்போனது.

கடைசிக் கறுப்பை வெட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். இருபது மாதத்துக்கு மேல் ஆனபோது என் முடியின் நுனியில் மூன்று விரற்கடை கறுப்பு மிச்சம் இருந்தது, டை ஏறி ஏறிக் காய்ந்துபோன முடி, சீப்பில் சிக்கும், ஆனாலும் வெட்ட மனசு வராமல் இரண்டு மாதம் வைத்திருந்தேன். 2023 ஆவணியில் பார்லருக்குப் போனேன். வெட்டுகிற பெண் நுனியைச் சீப்பால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் நீளம் இருக்கட்டுமா அக்கா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா, கறுப்பு முழுசா போகட்டும்" என்றேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன், தரையில் விழுந்த துண்டுகளை அவள் துடைப்பத்தால் ஒதுக்கிக் கூட்டி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.